குலத்தின்மேல் விழுந்த தண்டனை: டூடர் இங்கிலாந்தும் சேலத்துச் சீமையும்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் என்னும் ஊர் உள்ளது. வழிப்போக்கர் தங்கிச் செல்லும் சத்திரத்தின் நினைவை அதன் பெயர் இன்றும் தாங்கி நிற்கிறது. சேலம் சீமையின் இத்தகைய சாலைகளில் ஒரு காலத்தில் உப்புப் பொதி சுமந்த கழுதைகளும் மாடுகளும் சாரிசாரியாகச் சென்றன. அவற்றை ஓட்டிச் சென்றோருள் உப்புக் குறவர் முதன்மையானவர். கடற்கரையில் உப்பைக் கொண்டு, உள்நாட்டில் தானியத்திற்கு மாற்றி வாழ்ந்தவர்கள் அவர்கள். இம்மக்கள் பின்னர்ப் பிறவிக் குற்றவாளிகளென்று சட்டத்தால் முத்திரை குத்தப்பட்டனர். அதனை விளங்கிக்கொள்ள, அச்சட்டத்தை இயற்றியோரின் சொந்த நாட்டில் டூடர் அரசர் காலத்தில் (1485–1603) குற்றமும் தண்டனையும் எவ்வாறிருந்தன என்பதை முதலில் நோக்குவோம்.

டூடர் காலத் தண்டனை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன, 1546இல் ஸ்மித்ஃபீல்டில் எரிக்கப்பட்ட ஆன் ஆஸ்க்யூவும், 1555இல் ஆக்ஸ்ஃபோர்டில் எரிக்கப்பட்ட லாட்டிமர், ரிட்லி ஆகியோருமே. திருச்சபை வரலாறு இரத்தச்சாட்சிகளைப் பாடமாக வைத்திருப்பதால், அதே காலத்தில் தூக்குமரம் ஏறிய பெயரற்ற ஏழைகளை நாம் மறந்துவிடுகிறோம். பன்னிரண்டு பென்சுக்கு மேற்பட்ட பொருளைத் திருடினால் சாவுத்தண்டனை என்பது அந்நாட்டுச் சட்டம். இன்று நாம் அறிந்த காவல்துறை அன்று இல்லை. நீண்டகாலச் சிறைவாசமும் தண்டனையாக வழக்கில் இல்லை. ஆகவே தண்டனை மனித உடலின்மேல், சந்தை வெளியில், எல்லோரும் காண நிறைவேற்றப்பட்டது.

வேலையின்றி அலைந்தவன் நிலை இன்னும் பரிதாபமானது. 1531ஆம் ஆண்டுச் சட்டம் அவனை நிர்வாணமாக்கி, வண்டியின் பின்புறத்தில் கட்டி, இரத்தம் வடியும்வரை அடிக்கச் சொன்னது. 1547ஆம் ஆண்டுச் சட்டமோ, அவன் மார்பில் காய்ச்சிய இரும்பால் எழுத்துப் பொறித்து, ஈராண்டு அடிமையாக ஒப்புவிக்கச் சொன்னது. இச்சட்டம் பிறந்தது ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. 1549இல் பொது ஜெப நூலை ஆங்கிலத்தில் தந்த அதே சீர்திருத்த ஆட்சிதான் அது. கொடுமை மிகுதியால் நடைமுறைப்படுத்த இயலாமல் 1550இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1572இல் சுடுகம்பியால் காதைத் துளையிடும் தண்டனை வந்தது.

இதற்கிடையே விந்தையான சலுகை ஒன்றும் இருந்தது. குருமாரை அரசு நீதிமன்றம் தண்டிக்கலாகாது என்னும் இடைக்கால உரிமை, நாளடைவில் எழுத்தறிந்த ஆடவர் எவர்க்கும் உரியதாயிற்று. குற்றவாளி 51ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை வாசித்துக் காட்டினால் உயிர் தப்பலாம். மனந்திரும்புதலின் சங்கீதம் கழுத்தைக் காக்கும் தேர்வுத்தாளாக மாறியதை எண்ணிப் பார்க்கவேண்டும். இச்சலுகையை ஒருவன் இரண்டாம் முறை பெறாதபடி, 1489 முதல் கட்டைவிரலில் சூடு போடப்பட்டது. நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598இல் ஒருவரைக் கொன்றபின் தப்பியது இவ்வழியில்தான். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும், பெண்களுக்கும் இவ்வாயில் அடைபட்டிருந்தது.

நம் பொருளுக்கு மிக நெருங்கியது 1530ஆம் ஆண்டு எகிப்தியர் சட்டம். எகிப்தியர் என்று தவறாக அழைக்கப்பட்ட ஜிப்ஸி மக்கள் பதினாறு நாள்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்றது அது. 1554ஆம் ஆண்டுச் சட்டம், வெளியேறாதவர்க்குச் சாவுத்தண்டனை விதித்தது. முன்னோர் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதை அவர்கள் மொழியே காட்டுகிறது. இச்சட்டத்தில் ஒருவன் என்ன செய்தான் என்ற கேள்விக்கு இடமில்லை. அவன் யார் என்பதே கேள்வி.

இக்கேள்வி மூன்று நூற்றாண்டுகளுக்குப்பின் இந்தியாவில் மீண்டும் எழுந்தது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் வடஇந்தியாவில் வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்திற்கும் அதனை விரித்தது. அரசு ஒரு குலத்தைக் குற்றப் பரம்பரையென அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்பை எந்த நீதிமன்றத்திலும் எதிர்த்து வழக்காட இயலாது. பெயர்ப் பதிவு, கைரேகைப் பதிவு, குறித்த நேரத்தில் ஆஜராதல், ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டு ஆகியவை தொடர்ந்தன. தமிழ் மக்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். டூடர் நீதிமன்றத்தில் கட்டைவிரலுக்குச் சூடு குற்றம் தீர்ப்பான பின்னரே. இங்கோ விரல் மையில் தோயக் குற்றமே வேண்டியதில்லை. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில் இதனை எதிர்த்த கள்ளர் மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து, பலர் மாண்டனர்.

குறவர் விஷயத்தில் வறுமை எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். உப்பு அரசின் ஏகபோகமாக இருந்தது. 1860களில் இருப்புப்பாதை சேலம் சீமையை எட்டியபின் உப்பு மூட்டைகள் ரயிலேறின. பொதிகழுதைக்கு வேலை குறைந்தது. பின் 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் வந்தது. 1871இல் ஏறத்தாழ பத்தொன்பதரை இலட்சமாயிருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 16 இலட்சமாகச் சுருங்கியது. தொழிலும் தானியமும் ஒருங்கே இழந்தவன் சாலையில் அலைந்தபோது, அலைச்சலே அவன் குற்றத்திற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

திருச்சபைக்கு இதில் பங்கில்லையென்று நாம் கூற இயலாது. இரட்சணிய சேனையின் பூத்-டக்கர் 1908இல் கோரக்பூரில் டோம் மக்களுக்காகத் தொடங்கிய பணி பல மாகாணங்களில் பரவியது. குறவரோடு உறவுடைய எருகலருக்காகக் குண்டூர்ச் சீமையில் ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பு எழுந்தது. பள்ளியும் மருத்துவமும் நிலமும் அங்கே கிடைத்தன. இவற்றைச் சிறிதென்று தள்ளுவது நேர்மையாகாது. ஆனால் அக்குடியிருப்பை விட்டு விருப்பம்போல் வெளியேற அவர்களுக்கு உரிமையில்லை. வருகைப் பதிவேடும் வேதபாடமும் ஒரே கையில் இருந்தன. நற்செய்தியைக் கேட்க வந்தவன் யார், கேட்கக் கட்டளையிடப்பட்டவன் யார் எனப் பிரித்தறிவது அங்கே எவ்வாறு இயலும்? பிதாக்களின் அக்கிரமத்தைப் புத்திரன் சுமப்பதில்லை என்று வாதிடும் எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் அவர்கள் கையிலிருந்த வேதத்திலும் இருந்தது. பரம்பரைக் குற்றம் என்ற கொள்கையை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய கடமை, காவலரைவிட ஊழியருக்கே மிகுதியாய் இருந்தது. ஜென்மபாவத்தைப் பற்றிய நம் போதனை எல்லா மனிதரையும் ஒரே நிரையில் நிறுத்துகிறது. அதனைச் சில குலங்களுக்கு மட்டும் உரியதாக்க அப்போதனையில் இடமில்லை.

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் இச்சட்டம் நீங்கியது. எனினும் அதற்குள்ளாகவே, 1948இல், வழக்கமான குற்றவாளிகளுக்கெனச் சென்னையில் தனிச்சட்டம் பிறந்துவிட்டது. சீர்மரபினர் என்று இன்று வழங்கும் தமிழக அரசின் பட்டியலில் சேலம் மேல்நாடு கொறவர், சேலம் உப்புக் கொறவர் என்னும் பெயர்கள் உள்ளன. அவர்கள் சுமந்த உப்பு இப்பெயரில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.