கூட்டமாகப் புறப்பட்ட சைக்கிள்கள்: புதுக்கோட்டை முதல் பீகார் வரை

இலவச சைக்கிள் என்றதும் பேச்சு தேர்தல், டெண்டர், தரம் என்று போய்விடுகிறது. அந்தச் சைக்கிளில் ஒரு சிறுமி தனியாகப் போகிறாளா, தோழிகளோடு போகிறாளா என்று கேட்போர் குறைவு. கிராமத்துப் பெண்பிள்ளைகளின் பள்ளிப் பயணம் மாறியதில் வண்டிக்கு இருந்த பங்கு கூட்டத்துக்கும் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தமிழ்நாட்டில் இதன் வேர் பெண்களின் எழுத்தறிவு வகுப்புகளில் இருக்கிறது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். பாடம் சொல்லித்தரும் பெண் தொண்டர்கள் உள்ளடங்கிய ஊர்களுக்குப் போய்வர யாரையும் எதிர்பார்க்கக் கூடாது என்பது நடைமுறைக் காரணம். ஆனால் பயிற்சி தொண்டர்களோடு நிற்கவில்லை. விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் எனப் பலரும் ஓட்டப் பழகினார்கள். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் பரவியது. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்தபடி புதுக்கோட்டை நகரை நிறைத்தார்கள். மாவட்டத்தில் சைக்கிள் கற்ற பெண்கள் ஒரு லட்சத்தைத் தாண்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே பலர் வாங்கினார்கள். சிலர் விரும்பியே வாங்கினார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா!

கேலிப் பேச்சு தொடக்கத்தில் இருந்தது. ஒருத்தி மட்டும் ஓட்டினால் ஊர் அவளைப் பேசும். தெருவுக்குப் பத்துப் பேர் ஓட்டும்போது யாரைப் பேசுவது? இந்த இயக்கத்தின் முக்கியமான கண்டுபிடிப்பு இது என்று நான் கருதுகிறேன். அம்மாவும் அத்தையும் ஓட்டிய ஊரில், மகள் சைக்கிளில் பள்ளிக்குப் போக யாரிடமும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

பத்தாண்டுகள் கழித்து, 2001-02இல், தமிழக அரசு மேல்நிலை வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் வழங்கத் தொடங்கியது. பின்னர் மற்றப் பிரிவு மாணவிகளுக்கும், மாணவர்களுக்கும் திட்டம் விரிந்தது.

கூட்டத்தின் வலிமைக்குத் தெளிவான சான்று பீகாரில் கிடைக்கிறது. அங்கே 2006இல் நிதிஷ் குமார் அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தது. வகுப்பைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. தொடக்கப்பள்ளி பெரும்பாலும் ஊருக்குள்ளேயே இருக்கும். உயர்நிலைப்பள்ளியோ பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மகளின் படிப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்று வீட்டில் முடிவெடுக்கும் வயதும் அதுதான். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அண்டை மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இத்திட்டத்தால் உயர்நிலை வகுப்புகளில் மாணவிகள் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்தது. ஆண், பெண் சேர்க்கை இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

ஒரே வகுப்பு மாணவிகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சைக்கிள் கிடைத்ததால், சேர்ந்து போகும் பாதுகாப்பும் பெண்ணின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய வழக்கத்தின் தளர்வும் பலனைப் பெருக்கியிருக்கலாம் என அவர்கள் கருதுகிறார்கள். ஏழைக் குடும்பத்துக்கு அதே 2,000 ரூபாயை வேறு வழியில் கொடுத்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே. தந்தையின் தயக்கம் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல, ஆளில்லாத சாலையைப் பற்றியதும்தான். ஐந்தாறு பேர் சேர்ந்து மிதிக்கும்போது அந்தச் சாலை ஆளுள்ள சாலையாகிவிடுகிறது. செயின் கழன்றால் மாட்டிவிட ஒருத்தி, டயர் பஞ்சரானால் கேரியரில் ஏற்றிக்கொள்ள இன்னொருத்தி இருப்பாள்.

ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் சைக்கிள் பெற்ற மாணவிகளிடம் நடந்த சோதனை ஆய்வு, வருகை கூடியதோடு, தம் வாழ்வைத் தாமே நடத்த முடியும் என்ற எண்ணமும் அவர்களிடம் வலுப்பட்டதைக் காட்டியது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது தமிழ்நாட்டு நடைமுறையில் ஒன்று உறுத்துகிறது. இங்கே சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில் வருகிறது. எட்டாம் வகுப்போடு உள்ளூர்ப் பள்ளி முடிந்துவிடும் சிற்றூர்ச் சிறுமிக்கு அது தாமதம். அந்தக் கோடை விடுமுறையிலேயே ஊர்வாரியாக வண்டியைக் கொடுத்து, புதுக்கோட்டையில் செய்ததுபோல் சேர்ந்து ஓட்டவும் பழக்கினால், ஜூன் மாதம் புதுப் பள்ளிக்குப் புறப்படும்போதே அவளுக்கு வழித்துணை அமைந்துவிடும்.