கீசக வதத்திலிருந்து செல்போன் வரை: ஒரு வெள்ளைத் துணியின் கதை

"நல்லா வீடியோ எடுக்கணும், எந்த போன் வாங்கலாம்?" வாரத்துக்கு ஒருத்தராவது என்கிட்ட கேட்டுடறாங்க. நான் பெரிய கேமராமேன் எல்லாம் இல்லீங்க. காஞ்சிபுரம் பக்கம் முசரவாக்கத்துல இருந்துகிட்டு, கோயிலையும் தறியையும் போன்ல எடுத்துகிட்டிருக்கற ஆளு, அவ்வளவுதான். ஆனா இந்தக் கேள்விக்கு என்கிட்ட இருக்கற பதில் நூறு வருஷத்துக்கு முந்தையது. கொஞ்சம் பின்னாடி போயிட்டு வருவோம்.

வேலூர்க்காரர் ஆர். நடராஜ முதலியார். மோட்டார் கார் வியாபாரி. பால்கே எடுத்த படங்களைப் பார்த்து ஆசை வந்து, பூனாவில் ஸ்டூவர்ட் என்ற வெள்ளைக்கார ஒளிப்பதிவாளரைப் பிடிச்சு கேமராவைக் கையாளக் கத்துகிட்டார். வில்லியம்சன் 35 எம்.எம். கேமரா ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினார். சென்னை புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் 'இந்தியா பிலிம் கம்பெனி' என்று போர்டு மாட்டினார். 1917-18 வாக்கில் அவர் எடுத்த 'கீசக வதம்'தான் தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம்.

அவரே தயாரிப்பாளர், அவரே இயக்குநர், கேமராவும் அவரே. இன்னைக்கு போனைக் கையில வெச்சுகிட்டு எல்லாத்தையும் ஒத்தையாளா செய்யற நம்ம பசங்களுக்கு முப்பாட்டன் அவர்தான்னு நான் சொல்லுவேன் :-)

அப்போ படப்பிடிப்புக்கு சூரியன்தான் விளக்கு. உச்சி வெயில்ல ஒரு மனுஷனை நிறுத்தி எடுத்தா என்ன ஆகும்? நெத்தி வெள்ளையா வெளுத்துடும், கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரி நிழல் விழும். முதலியார் என்ன செய்தார் தெரியுமா? மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கூரை மாதிரி கட்டி, வெயிலை வடிகட்டித் தரைக்கு விட்டார். அவ்வளவுதான் லைட்டிங்! இன்னைக்கு 'சாஃப்ட்பாக்ஸ்', 'டிஃப்யூசர்' என்று ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கறோமே, எல்லாத்துக்குள்ளயும் இருக்கறது இந்தத் துணிதான்.

அப்புறம் கைப்பிடி. மோட்டார் கிடையாது, கையால சுத்தணும். மௌனப் படக் காலத்தில் விநாடிக்கு 16 பிரேம் என்பது ஒரு கணக்கு. கை வேகமாப் போனா ஒரு மாதிரி, தளர்ந்தா ஒரு மாதிரி. இது ஏதோ பழைய காலத்துச் சங்கடம்னு நினைச்சுடாதீங்க. இன்னைக்கும் பல போன்களில் வெளிச்சம் குறைஞ்சா பிரேம் எண்ணிக்கை தானா இறங்கிடும். கடைசியில எடிட்டிங்ல உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

இதுக்கு நடுவுல நடந்ததை வேகமா ஓட்டிடறேன். எண்பதுகளில் வி.எச்.எஸ். கேசட் வந்து, கல்யாண வீடியோ என்று ஒரு தொழிலே பிறந்தது. மாப்பிள்ளை பொண்ணு கண்ணைக் கூசவெச்ச அந்த ஹாலஜன் விளக்கு எங்க ஊர்ப் பக்கமும் சுத்தாத கல்யாணம் இல்லை. 2004-ல் பி.சி. ஸ்ரீராம் 'வானம் வசப்படும்' படத்தை டிஜிட்டலில் எடுத்தார். 2005-ல் கமலின் 'மும்பை எக்ஸ்பிரஸ்'. "பிலிம் மாதிரி வருமாய்யா?" என்று அப்பவும் உதட்டைப் பிதுக்கினாங்க.

போனுக்கு வருவோம். பக்கத்து கேரளாவில் சதீஷ் களத்தில் என்பவர் நோக்கியா என்95-ல் 'ஜலச்சாயம்' என்று ஒரு முழுநீளப் படமே எடுத்து 2010-ல் வெளியிட்டார். அந்த போனோட வீடியோ அளவு வெறும் 640 x 480! இன்னைக்குக் குறைஞ்ச விலை போன் கூட அதைவிட மேல். 2015-ல் அமெரிக்காவில் ஷான் பேக்கர் ஐபோன் 5எஸ்-ல் 'டேஞ்சரின்' எடுத்தார். எல்லாரும் போனைப் பத்தித்தான் பேசினாங்க. ஆனா போன் முன்னாடி அகலப்பட லென்ஸ் ஒட்டியிருந்தது, ஆடாமல் இருக்க ஸ்டெடிகேம் இருந்தது, சத்தத்தைத் தனி மைக்கில் முறையாப் பதிவு பண்ணியிருந்தாங்க. அதை யாரும் பேசலை. அதே மனுஷன் 'அனோரா'வுக்கு 2025-ல் ஆஸ்கர் வாங்கினார். அதை எடுத்தது என்னவோ 35 எம்.எம். பிலிமில்!

நம்மூர்ல 2020 ஊரடங்குல கௌதம் மேனன் 'கார்த்திக் டயல் செய்த எண்' குறும்படம் எடுத்தார். சிம்பு அவர் வீட்டுல, த்ரிஷா அவங்க வீட்டுல, கேமரா ஐபோன். வீட்டுக்குள்ளயே இருக்கற வெளிச்சத்தை எப்படிப் பயன்படுத்தினாங்கன்னு கவனிச்சுப் பாருங்க, பாதிப் பாடம் அதுலயே இருக்கு.

எங்க காஞ்சிபுரத்துக்கு இதெல்லாம் ஏன் முக்கியம்? 1979-ல் அத்திவரதர் குளத்துலேர்ந்து வெளியே வந்தப்போ கேமரா வெச்சிருந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வந்தப்போ, வந்த கூட்டத்துல போன் இல்லாத கையைத் தேடணும். நாப்பது வருஷத்துல அப்படி ஒரு மாற்றம். ஆனா பெருமாளை எடுக்க ஆயிரம் பேர் இருக்காங்க, தறியை எடுக்கத்தான் ஆள் இல்லை.

முந்தானைக்கு வேற நிறப் பாவை உடல் பாவோட இழை இழையா முறுக்கிச் சேர்க்கற பிட்னி வேலை, மூணு நாடா ஓட்டி கரையைக் கோர்க்கற கோர்வை, இதெல்லாம் கையால தெரிஞ்சவங்க குறைஞ்சுகிட்டே வர்றாங்க. எழுத்துல எழுதி வெச்சா விரல் என்ன பண்ணுதுன்னு புரியாது. படம்தான் பிடிக்கணும்.

குழித்தறி இருக்கற வீட்டுல ஒரு ஜன்னல், ஒரு டியூப்லைட். ஜன்னல் வெயில் ஜரிகையில பட்டா போன் மிரண்டு போய் மொத்தத்தையும் இருட்டாக்கும். டியூப்லைட்டை நம்பினா திரையில வரி வரியா ஓடும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/50-ல, பிரேமை 25-ல பூட்டிட்டா அது அடங்கும். ஜன்னலுக்கு? நெசவாளர் அண்ணாகிட்ட ஒரு பழைய வேட்டி கேட்டு வாங்கிக் கட்டினேன். "இன்னாப்பா, எழவு வீடு மாதிரி கட்டற?"ன்னு கேட்டார். வெளிச்சம் பால் மாதிரி இறங்கி, ஜரிகை ஜரிகையாவே தெரிஞ்சது. போனை உடனே ஸ்டாண்டில் வெச்சு, ஃபோகஸைப் பூட்டிட்டேன். தறிச் சத்தத்துல பேச்சு கேக்காது, அதனால இன்னொரு போனை அவர் சட்டைப் பையில ரெக்கார்டரா வெச்சேன். தறி நின்னப்புறம்தான் விளக்கம் கேட்டேன்.

'கீசக வதம்' இன்னைக்கு ஒரு அடி பிலிம் கூட மிச்சமில்லை. முதலியாரோட ஸ்டூடியோவும் பின்னாடி தீக்கிரையாச்சு. அந்த வெள்ளைத் துணிக்குக் கீழே முகங்கள் எப்படித் தெரிஞ்சதுன்னு பார்க்க நமக்கு வழியே இல்லை. நம்ம காலத்துக்குத் தீ வேண்டாம். வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினா சுருக்கித் தள்ளிடும், போன் நிறைஞ்சா நாமளே அழிச்சுடுவோம்.

பிட்னி எடுத்தது மொத்தம் 11 நிமிஷம். சுருக்காத அசல் கோப்பு ரெண்டு ஹார்டு டிஸ்க்ல, வேற வேற வீட்டுல இருக்கு. மூணாவது காப்பியை பென் டிரைவ்ல போட்டு அண்ணா பொண்ணுகிட்ட கொடுத்திருக்கேன். அடுத்து கோர்வை எடுக்கணும், ரெண்டு பேர் கையும் ஒரே பிரேம்ல வரணும். அதுக்கு இன்னும் ஒரு வேட்டி தேவைப்படும்.