மனத்தை மாற்றும் பயிற்சி: சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு நூற்றாண்டு

சேலத்திலும் நாமக்கல்லிலும் ‘என்.எல்.பி.’ என்ற மூன்றெழுத்து இன்று பலருக்கும் பழக்கமான பெயர். பள்ளிகளுக்கு வரும் ஊக்கப் பேச்சாளர், முகவர்களைக் கூட்டிப் பேசும் விற்பனைப் பயிற்றுநர், ‘லைஃப் கோச்’ என்று அட்டை அச்சிட்டுக்கொண்டவர் ஆகியோர் வழியாக அது ஊருக்குள் வந்திருக்கிறது. நியூரோ லிங்விஸ்டிக் புரோகிராமிங் என்பது அதன் முழுப் பெயர். மனத்தில் ஓடும் சொல்லையும் படத்தையும் மாற்றினால் பழக்கம் மாறும், பழக்கம் மாறினால் வாழ்க்கை மாறும் என்பது அதன் அடிப்படை. இதைப் புதிய சரக்கு என்று கருதுவோர் உண்டு. உண்மையில், சொல்லையும் கற்பனையையும் கருவியாகக் கொண்டு ஒருவரைப் பழைய வழக்கத்திலிருந்து வெளியே கொண்டுவரும் முயற்சி இந்தச் சமவெளியில் நூறாண்டாக நடந்துவருகிறது.

அந்த நூறாண்டில் ஒரு மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. தொடக்கத்தில் மனிதனை மாற்ற வந்தவர்கள் அவனுடைய கூலி, வீடு, கடைத்தெரு ஆகியவற்றையும் சேர்த்தே மாற்ற முனைந்தார்கள். காலம் செல்லச் செல்ல முழுப் பாரமும் தனிமனிதனின் தலையில் ஏறியது. இந்த நகர்வைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

புதுப்பாளையத்து ஆசிரமம்

1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின் கள்ளுக்கடை மறியல் காலத்தில், சேலம் தாதம்பட்டியில் தம் குடும்பத்துக்குச் சொந்தமான தோப்பின் தென்னை மரங்களை ஈ.வெ.ரா. வெட்டிச் சாய்த்தார். அது ஓர் அறிவிப்பு. அன்றாடம் குடிக்கிறவனைக் குடியிலிருந்து மீட்கும் பொறுமையான வேலை, திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் தொடங்கியது. 1917இல் சேலம் நகராட்சித் தலைவரான வழக்கறிஞர் ராஜாஜி, 1925 பிப்ரவரியில் அங்கே காந்தி ஆசிரமத்தை நிறுவிக் குடும்பத்தோடு குடியேறினார்.

ஆசிரமத்தின் வேலை முறையைக் கவனிக்க வேண்டும். முதலில் வந்தது பஞ்சு. வானம் பார்த்த பூமியில் விளைச்சல் பொய்த்த காலங்களில், சுற்றுவட்டாரப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, நூற்ற நூலை வாங்கிக்கொண்டு கூலி கொடுத்தார்கள். கதர் நெசவும் நடந்தது, மருந்தும் கொடுக்கப்பட்டது. அந்த உறவின் மேல் நின்றுகொண்டுதான் குடியைப் பற்றிப் பேசினார்கள். பெண்ணின் கையில் நூல் கூலி இருக்கும் வீட்டில் குடியை விடச் சொல்லும் பேச்சுக்குத் துணை உண்டு.

1929இல் ராஜாஜியை ஆசிரியராகக் கொண்டு ‘விமோசனம்’ என்ற மாத இதழ் ஆசிரமத்திலிருந்து வெளிவந்தது. திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் பயின்ற கல்கி, ஆசிரமத்தில் தங்கி அதன் துணையாசிரியப் பொறுப்பை ஏற்றிருந்தார். ஓர் இதழ் முழுவதும் மதுவிலக்கு என்ற ஒரே பொருளுக்காகக் கதை, கட்டுரை, பாட்டு, படம் என்று நிரப்பியது தமிழ் இதழியலில் அபூர்வமான முயற்சி. இந்த இதழை மதுவிலக்கு வரலாற்றின் அடிக்குறிப்பாக மட்டும் வைத்துவிடுவது அதற்கு நியாயம் செய்வதாகாது. கதைக்குள் ஒரு குடிகாரன் வீட்டைக் காட்டி, கேட்பவன் தன் வீட்டை அதில் காணும்படி செய்வது மனமாற்ற உத்தி அல்லாமல் வேறென்ன? பிற்காலப் பயிற்றுநர்கள் ‘உருவகக் கதை’ என்று தனிப் பாடமாக நடத்துவதை, கல்கி ஆசிரமத்தில் உட்கார்ந்து மாதாமாதம் எழுதிக்கொண்டிருந்தார். 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. ராஜாஜி சிறை சென்றார். ‘விமோசனம்’ நீண்ட நாள் வாழவில்லை.

ஆனால் வேலை நிற்கவில்லை. சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி, மதுவிலக்குச் சட்டத்தை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். நாள்: 1937 அக்டோபர் 1. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அன்று சேலத்துக்குள் அடக்கம். கடைகளை மூடியதோடு அரசு நிறுத்திக்கொள்ளவில்லை. மாலை நேரத்துக்கு விளையாட்டும் பஜனையும், கள் இறக்கியவர்களுக்குப் பதனீர் வெல்லம் காய்ச்சும் வழியும் ஏற்பாடாயின. குடிக்கும் நேரம் காலியாக இருந்தால் பழைய கால் பழைய தடத்திலேயே போகும் என்பது அன்றைய ஊழியர்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு போர்க்காலத்தில் சட்டம் தளர்ந்தது, 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது, 1971இல் தளர்த்தப்பட்டது. சட்டத்தின் வெற்றி தோல்வி வேறு விவாதம். ஒரு மாவட்டம் முழுவதும் ஒரு பழக்கத்தை மாற்ற முனைந்தபோது சொல், கூலி, பொழுது, கடைத்தெரு ஆகிய நான்கையும் ஒன்றாகக் கையாண்டார்கள் என்பதே இங்கு முக்கியம்.

வெற்றி என்ற புதிய இலக்கு

சுதந்திரத்துக்குப் பிறகு இலக்கே மாறியது. கெட்ட பழக்கத்தை விடுவது பின்னுக்குப் போய், முன்னேறுவது முன்னுக்கு வந்தது. அப்துற் றஹீமின் ‘வாழ்க்கையில் வெற்றி’யும் தமிழ்வாணனின் எழுத்தும் வாடகை நூல் நிலையங்கள் வரை சென்றன. இவற்றுக்குப் பின்னால் சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் எழுதிய நூலும், டேல் கார்னகி 1936இல் எழுதிய நூலும் நின்றன.

பேச்சால் ஒருவரைத் தொழிலில் முன்னேற்ற முடியுமா என்பதை முறையாகச் சோதித்துப் பார்த்த பழைய இந்திய முயற்சி நமக்குப் பக்கத்து மாநிலத்தில் நடந்தது. ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்கிளெல்லண்ட், ஹைதராபாத் சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து, 1964இல் காக்கிநாடாவின் சிறுதொழில் முனைவோரை அழைத்து வந்து தங்கவைத்துப் பயிற்சி அளித்தார். படம் ஒன்றைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். அந்தக் கதையில் சாதிக்கும் எண்ணம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பங்கேற்பவரையே பிரித்துப் பார்க்கச் செய்வார்கள். பிறகு அவரவர் தொழிலுக்குத் திட்டவட்டமான இலக்கு எழுதவேண்டும். பயிற்சி பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அடுத்த ஈராண்டில் தொழிலில் முனைப்புக் காட்டினார்கள் என்றும், பயிற்சி பெறாதவர்களில் அது நான்கில் ஒருவர் அளவே என்றும் அவரும் டேவிட் விண்டரும் 1969இல் வெளியிட்ட நூல் சொல்கிறது. அதே நூலின் இன்னொரு முடிவை நம் பயிற்றுநர்கள் எடுத்துச் சொல்வதில்லை: தொழிலில் முடிவெடுக்கும் அதிகாரம் தன் கையில் இருந்தவருக்கே பயிற்சி பலன் தந்தது. அதிகாரம் இல்லாதவரிடம் ஊக்கம் மட்டும் ஏறி என்ன பயன்?

தமிழில் இந்தப் போக்கை மக்களிடம் கொண்டுசேர்த்தவர்கள் இருவர். கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1984இல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் எழுந்தது. கொங்கு வட்டாரமெங்கும் மனவளக்கலை மன்றங்கள் பரவின. அவருடைய அகத்தாய்வுப் பயிற்சியில் ‘சினம் தவிர்த்தல்’ என்பது ஒரு பகுதி. தனக்குக் கோபம் வரவழைப்பவர்களின் பெயரைத் தாளில் எழுத வேண்டும். ஒருவரை எடுத்துக்கொண்டு, எந்தச் செயலால் கோபம் வருகிறது என்று ஆராய வேண்டும். அவரை அடுத்து எதிர்கொள்ளும் தருணத்தை முன்கூட்டியே மனத்தில் கண்டு, சினமில்லாமல் நடந்துகொள்வதாகச் சங்கற்பம் செய்ய வேண்டும். வருங்காலக் காட்சியை முன்னமே மனத்தில் ஓட்டிப் பார்ப்பதை என்.எல்.பி. தன் முக்கிய உத்திகளில் ஒன்றாகச் சொல்கிறது. நெசவாளர் குடும்பத்து ஆசான் ஒருவர் அதைத் தாளும் பென்சிலும் கொண்டு நம்மவர்க்குக் கற்பித்திருக்கிறார்.

மற்றவர் எம்.எஸ். உதயமூர்த்தி. அமெரிக்காவிலிருந்து திரும்பி, ‘எண்ணங்கள்’ நூலாலும் 1988இல் தொடங்கிய மக்கள் சக்தி இயக்கத்தாலும் ஒரு தலைமுறை இளைஞர்களை எழுப்பினார். பாலசந்தரின் ‘உன்னால் முடியும் தம்பி’ படத்தின் நாயகனுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அந்த நாயகன் செய்யும் முதன்மையான வேலை ஊரைக் குடியிலிருந்து மீட்பது. ஆசிரமத்தின் இழை அதுவரை அறுபடவில்லை.

மதிப்பெண் காலம்

1997இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. லாரி, கோழிப்பண்ணை, ரிக் வண்டி ஆகியவற்றோடு விடுதிப் பள்ளிகளும் அதன் அடையாளமாயின. பிளஸ் டூ மாநில ரேங்க் பட்டியலில் நாமக்கல், ராசிபுரம் பள்ளிகளின் பெயர் வராத ஆண்டு அரிதாயிற்று. தென்மாவட்டத்துப் பெற்றோர்கூடப் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். விடிகாலைப் படிப்பு, தினத் தேர்வு, இரவுப் படிப்பு என்று நாள் முழுவதும் அட்டவணைக்குள் அடங்கிய பிள்ளைகளுக்குச் சோர்வு வந்தது. சோர்வுக்கு மருந்தாக ‘மோட்டிவேஷன் கிளாஸ்’ வந்தது. 2017 மே மாதம் அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு நீட் தேர்வு வந்து இன்னொரு பந்தயம் தொடங்கியது. அழுத்தத்தைக் குறைக்காமல் அழுத்தத்தைத் தாங்கும் மனத்தை மட்டும் உருவாக்கச் சொல்லும் தேவை அங்கே பிறந்தது. என்.எல்.பி.க்கு இதைவிட வாகான நிலம் வேண்டுமா?

சாண்டா குரூஸிலிருந்து சேலத்துக்கு

என்.எல்.பி.யின் பிறப்பிடம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகம். 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் பேண்ட்லர் என்ற மாணவரும், ஜான் கிரைண்டர் என்ற மொழியியல் ஆசிரியரும் ஒரு கேள்வி எழுப்பினார்கள்: சில சிகிச்சையாளர்கள் பேசினால் மட்டும் மனிதர்கள் மாறுகிறார்களே, அவர்கள் அப்படி என்ன பேசுகிறார்கள்? ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், வர்ஜீனியா சட்டிர், மில்டன் எரிக்சன் ஆகியோரின் பேச்சைக் கூர்ந்து ஆராய்ந்து, 1975இல் முதல் நூலை வெளியிட்டார்கள்.

அதில் என் மதிப்பைப் பெறுவது கேள்வி கேட்கும் முறை. மனிதர்கள் பேசும்போது சிலவற்றை விட்டுவிடுகிறார்கள், சிலவற்றைப் பொதுமைப்படுத்துகிறார்கள், சிலவற்றைத் திரித்துக்கொள்கிறார்கள். அவற்றை மீட்டெடுக்கக் கேள்வி கேட்க வேண்டும். நாமக்கல்லில் ஒரு லாரி உரிமையாளர் “தொழிலே போச்சுங்க” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “எந்த லைன்ல போச்சுங்க? எந்த மாசத்திலிருந்து? லோடு கிடைக்கலையா, வாடகை கட்டலையா? டீசல், டயர், டோல், டியூ – இதுல எது அதிகமாயிருக்குதுங்க?” என்று கேட்டுக்கொண்டே போனால், ‘எல்லாம் போச்சு’ என்ற இருட்டு நாலு வரிக் கணக்காகச் சுருங்கும். அந்த நாலு வரியில் இரண்டை அவரால் மாற்ற முடியலாம். “எல்லாரும் என்னை மட்டமாப் பேசுறாங்க” என்ற பிள்ளையிடம் “யார் யார் சாமி?” என்று கேட்பதும் இதே முறைதான்.

இரண்டாவது உத்தி ‘நங்கூரம்’. தேர்வுக்குப் பயப்படும் மாணவனைக் கண்மூடச் சொல்கிறார் பயிற்றுநர். கபடியில் வென்ற நாளை நினைக்கச் சொல்கிறார். காட்சியைப் பெரிதாக்கு, வெளிச்சமாக்கு, கைதட்டல் சத்தத்தைக் கூட்டு என்கிறார். உணர்வு உச்சிக்கு வரும்போது கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அழுத்த வேண்டும். பலமுறை பழகியபின், தேர்வு அறையில் விரலை அழுத்தினால் அதே தைரியம் வரும் என்பது உறுதிமொழி. சில பிள்ளைகளுக்கு அது பதற்றத்தைத் தணிக்கலாம். பாவ்லவ் காலத்திலிருந்து அறிந்த பழக்கத் தொடர்பின் ஒரு வடிவம் இது.

கண் மேலே இடப்பக்கம் போனால் நினைவு, வலப்பக்கம் போனால் கற்பனை; ஒருவர் பார்த்துக் கற்பவர், ஒருவர் கேட்டுக் கற்பவர் என்பன போன்ற உரிமைகோரல்கள் வேறு வகை. இவற்றுக்கு அறிவியல் ஆதரவு இல்லை. அமெரிக்க ராணுவம் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்நாட்டுத் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு 1988இல் அளித்த அறிக்கை, என்.எல்.பி.யின் கோட்பாட்டுக்குச் சான்று காணவில்லை. 2012இல் ரிச்சர்ட் வைஸ்மன் குழு கண்ணசைவுக்கும் பொய்க்கும் தொடர்பில்லை என்று காட்டியது. அதே ஆண்டு பிரிட்டனில் வந்த மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, உடல்நலப் பயனுக்குப் போதிய சான்று இல்லை என்றது. பெயரில் ‘நியூரோ’ இருப்பதால் அது நரம்பியல் ஆகிவிடாது.

இதோடு தொடர்புடைய, சான்று பெற்ற முறைகள் வேறு உள்ளன. எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வது இலக்கை அடைய உதவுகிறது என்று கோல்விட்சரும் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துக் காட்டினார்கள். குடியிலிருந்து மீட்கும் சிகிச்சைக்காக வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்த ஊக்குவிப்பு நேர்காணல், அறிவுரையை ஒதுக்கிக் கேள்வியை முன்வைக்கிறது. பல ஆய்வுகள் அதன் பயனை உறுதிசெய்துள்ளன. புதுப்பாளையத்து ஊழியர்கள் எதிர்கொண்ட அதே குடிநோயிலிருந்துதான் இந்த முறையும் பிறந்தது.

பாரம் யார் தலையில்?

சட்டநிலை எளிது. இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு மருத்துவ உளவியலாளருக்கு உண்டு. என்.எல்.பி. ‘பிராக்டிஷனர்’, ‘மாஸ்டர் பிராக்டிஷனர்’ சான்றிதழ்களுக்கு அரசின் அங்கீகாரம் எதுவும் கிடையாது. சில நாள் பயிற்சி பெற்றவர் அடுத்த வாரமே பயிற்சி அளிக்கலாம்.

என்னை அதைவிட அதிகம் வருத்துவது, பயிற்சி பலிக்காதபோது சொல்லப்படும் சமாதானம். “நீ முழுசா நம்பல” என்கிறார்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளையும், கடனில் மூழ்கிய தறிக்காரரும் தோல்வியோடு குற்ற உணர்வையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். ஆசிரமம் குடிகாரனை அப்படிக் கைவிடவில்லை. அவன் தவறினால் அடுத்த வாரமும் அதே தெருவுக்குப் பஞ்சு மூட்டையோடு போனது. காக்கிநாடா ஆய்வாளர்களும் ஈராண்டு கழித்துத் திரும்பிப் போய்க் கணக்கெடுத்தார்கள்.

சேலம் பெரியார் பல்கலைக்கழகம் போன்ற உள்ளூர் நிறுவனங்களின் உளவியல், வரலாற்றுத் துறைகள் இரண்டு வேலைகளை எடுத்துச் செய்ய வேண்டும். ‘விமோசனம்’ இதழ்களையும் 1937 மதுவிலக்கு ஆவணங்களையும் மனமாற்ற முறைகளின் வரலாறாகப் படிக்க வேண்டும். இன்றைய பயிற்சி வகுப்புகளில் சேர்ந்தவர்களை ஓராண்டு கழித்துச் சந்தித்து, பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கெடுக்க வேண்டும். அதுவரை, வகுப்புக்குப் பணம் கட்டும் பெற்றோர் பயிற்றுநரிடம் ஒன்றைக் கேட்கலாம்: போன வருஷம் உங்களிடம் படித்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள், போய்ப் பார்த்தீர்களா?