கருப்பையை எடுத்த பின் கண்ட நோய்: எண்டோமெட்ரியோசிஸ், அடினோமயோசிஸ் வரையறைகள் குறித்து

மாதவிடாய் நாள்களில் சுருண்டு படுக்கும் பெண்ணுக்கு நம் வீடுகளில் கிடைக்கும் ஆறுதல் இரண்டு: ‘கல்யாணமானால் சரியாகிவிடும்’, ‘ஒரு பிள்ளை பிறந்தால் போய்விடும்’. எண்டோமெட்ரியோசிஸ் கண்டறியப்படப் பல ஆண்டுகள் ஆவதற்கு இந்த மனப்பான்மையே காரணமென்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. இந்நோயையும் அடினோமயோசிஸையும் மருத்துவம் எங்கே வைத்துப் பார்த்ததோ அதை வைத்தே வரையறுத்தது. தாமதத்தின் மறுபாதி அந்த வரையறையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கருப்பையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே, அதாவது சினைப்பையிலோ, இடுப்புக்குழியின் உறையிலோ, குடலிலோ வளர்ந்தால் அது எண்டோமெட்ரியோசிஸ். அதே வகைத் திசு கருப்பைத் தசைக்குள்ளேயே ஊடுருவினால் அடினோமயோசிஸ். முன்னதில் வலியும் குழந்தைப்பேற்றுத் தடையும் முன்னிற்கும். பின்னதில் வலியோடு மிகுந்த உதிரப்போக்கும் கருப்பைப் பருமனும் சேரும். ஒரே பெண்ணிடம் இரண்டும் இருப்பது அரிதன்று. மாதவிடாய்க் குருதி கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் ஒழுகுவதே எண்டோமெட்ரியோசிஸின் மூலம் என்று 1927இல் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் முன்வைத்தார். ஆனால் இவ்வொழுக்கு பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்கிறது; நோயோ ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே வருகிறது. ஆகவே நோயெதிர்ப்பு, மரபணு, ஈஸ்ட்ரோஜன் ஆகியவற்றின் பங்கையும் சேர்த்தே பார்க்கவேண்டியிருக்கிறது.

அடினோமயோசிஸின் கதை இன்னும் தெளிவான பாடம். நீண்ட காலம் அது, அறுவையில் எடுத்த கருப்பையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் உறுதியாயிற்று. கருப்பையை எடுத்துக்கொண்டவர்களோ பெரும்பாலும் நாற்பதைக் கடந்த, பிள்ளை பெற்ற பெண்கள். எனவே ‘இது நடுவயதுத் தாய்மாரின் நோய்’ என்று பாடநூல்கள் எழுதின. யோனிவழி அல்ட்ராசவுண்டும் எம்ஆர்ஐயும் வந்தபின், இருபதுகளில் இருப்பவர்களிடமும் குழந்தைக்காகக் காத்திருப்பவர்களிடமும் அதே நோய் தென்பட்டது. நோய் இடம் மாறவில்லை. பார்க்கும் இடம் மாறியது.

எண்டோமெட்ரியோசிஸுக்கு லேப்ராஸ்கோப்பி என்னும் துளையறுவையே இறுதிச் சான்று என்ற விதியும் இப்படித்தான் நிலைத்தது. அறுவைக்கு அனுப்பும் அளவுக்கு நோய் முற்றும்வரை, அல்லது குழந்தையின்மைக்காக வரும்வரை, அந்தப் பெண்ணின் வலிக்குப் பெயரே இல்லை. அறுவையில் கண்டதை வைத்து வகுத்த நான்கு நிலைகளும் வலியின் கடுமையோடு பொருந்துவதில்லை: முதல் நிலையில் துடிப்பவரும் உண்டு, நான்காம் நிலையை உணராதவரும் உண்டு. 2022இல் ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் வழிகாட்டல் இவ்விதியைத் தளர்த்தியது. அறிகுறிகளையும் ஸ்கேனையும் கொண்டே சிகிச்சையைத் தொடங்கலாம். ஸ்கேன் இயல்பாக இருப்பதால் மட்டும் நோய் இல்லையென்று ஆகாது.

சான்றில்லாமல் மருந்து கொடுப்பது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் மயக்கமருந்தும் அறுவையும் கொண்டுவரும் ஆபத்தோடு ஒப்பிட்டே அதை எடைபோட வேண்டும். வலிநிவாரணி, டைனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்டோஜன் மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் கருப்பைச் சாதனம் ஆகியவற்றை வேண்டாதபோது நிறுத்தவோ அகற்றவோ முடியும். அவை நோயை அடக்கிவைக்கும், வேரறுக்காது. ஹார்மோன் சிகிச்சை தொடரும்வரை கருத்தரிப்பும் தள்ளிப்போகும். மருந்துக்கு அடங்காத வலி, சிறுநீர்க்குழாய் அடைப்பு, குழந்தைப்பேற்றுத் தேவை ஆகியவற்றில் அறுவைக்கு உரிய இடம் உண்டு. அதன் பிறகும் நோய் திரும்பக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லவேண்டும்.

இரு நோய்களையும் பிரித்தறிவது கருப்பை நீக்கத்தைப் பற்றிய முடிவில்தான் மிகவும் முக்கியமாகிறது. அடினோமயோசிஸ் கருப்பைக்குள்ளேயே இருப்பதால் நீக்கம் அதற்கு முடிவு கட்டும். எண்டோமெட்ரியோசிஸ் வெளியே இருக்கிறது. கருப்பையை மட்டும் எடுத்தால் திசுவும் வலியும் தங்கிவிடலாம். ‘கர்ப்பப்பையில் பிரச்சினை, எடுத்துவிடலாம்’ என்ற ஒற்றை வாக்கியம் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 3 சதவீதத்தினர் கருப்பையை இழந்தவர்கள்; அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன காரணம் மிகுந்த உதிரப்போக்கு அல்லது வலி. தேவையற்ற நீக்கங்களைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை ஏற்கும்படி 2023இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட நேர்ந்தது.

வலி எப்போது தொடங்கியது, பள்ளியோ வேலையோ எத்தனை நாள் தவறியது, உடலுறவிலும் மலம் கழிக்கையிலும் வலிக்கிறதா: புறநோயாளிப் பிரிவில் இந்த மூன்று கேள்விகளுக்குச் செலவில்லை. பதினாறு வயதில் இவற்றைக் கேட்காத மருத்துவம், முப்பத்தைந்து வயதில் கருப்பையை எடுத்த பிறகு நோயின் பெயரை எழுதுவதைக் கண்டறிதல் என்று சொல்லக்கூடாது.