பேருந்தை ஜப்தி செய்த வழக்குகள்

தஞ்சாவூர்ச் சீமை வக்கீல்களுக்குப் பேரும் பணமும் கொடுத்தது நிலம். பாகப்பிரிவினை, சுவீகாரம், குத்தகை பாக்கி, வாய்க்கால் முறைத் தகராறு, கோயில் தர்மகர்த்தா சண்டை: கும்பகோணத்திலும் மாயவரத்திலும் வக்கீல் வீடுகள் மாடி எழும்பியது இவற்றால்தான். உச்சுவாடியில் பிறந்து சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் டி. முத்துசாமி ஐயர், திருவிடைமருதூர் வி. கிருஷ்ணசாமி ஐயர், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து பி.எஸ். சிவசாமி ஐயர் என்று இந்தத் தொடரில் இதுவரை பார்த்தவர்களில், அடிபட்டவருக்கு நஷ்டஈடு வாங்கிக் கொடுத்ததற்காக நினைக்கப்படுபவர் ஒருவருமில்லை.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆள் செத்தால் அவன் உரிமையும் சேர்ந்து செத்தது என்பதுதான் இங்கிலாந்தின் பழைய சட்டம். ரயில் வந்து விபத்துகள் பெருகிய பிறகு 1846-ல் அங்கே அது மாறியது. 1855-ல் இந்தியாவுக்கும் அதேபோன்ற சட்டம் வந்தது. நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே 1861-ல் ரயில் ஓடத் தொடங்கியபோது, செத்தவரின் குடும்பம் வழக்குப் போட ஏட்டளவில் வழி இருந்தது. கேட்கும் தொகைக்கு ஏற்ப கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டுமே, அதற்கு எங்கே போவது? 1923-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. விவசாயத்தில் அது தொட்டது டிராக்டர் போன்ற இயந்திரங்களோடு வேலை செய்தவர்களை மட்டும். நடவு வயலில் பாம்பு கடித்தவர், களத்துமேட்டில் வைக்கோல் போரிலிருந்து விழுந்தவர் கணக்கில் இல்லை. 1952-ல் இந்த ஜில்லாவுக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும், அது பேசியது கூலியையும் வேலையிலிருந்து நீக்குவதையும்தான்.

அந்தக் காலத்து வழக்கு எப்படி நடந்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 1947 செப்டம்பரில் தாராபுரம் – பழனி சாலையில் கோபால்டு மோட்டார் சர்வீஸ் பேருந்து விபத்துக்குள்ளாகி ஒரு பயணி இறந்தார். மனைவி, பிள்ளைகள், தந்தை வழக்குப் போட்டார்கள். சார்பு நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி 1961-ல்தான் முடிந்தது. குடும்பத்தின் வருமான இழப்புக்கு 25,200 ரூபாய். இறந்தவரால் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கக்கூடியது எவ்வளவு என்று கணக்குப் பார்த்த அந்தத் தீர்ப்பை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பதினான்கு வருஷம் தாக்குப்பிடிக்கக்கூடிய குடும்பம் என்பதால் அது தீர்ப்பாயிற்று. கூலிக் குடும்பம் முதல் படியிலேயே நின்றிருக்கும்.

திருப்பம் 1956-ல் வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, விபத்துக்கென்றே தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி செய்தார்கள். குறைந்த கட்டணத்தோடு மனு போடலாம் என்றானது. 1972-ல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. டெல்டா முழுக்க ஓடும் அதன் பேருந்துகளுக்கு அரசே முதலாளி. அடிபட்டவருக்கு எதிர்த்தரப்பு யார் என்று தேட வேண்டியதில்லை. அந்த முதலாளி ஊரைவிட்டு ஓடவும் மாட்டார். எம்.சி.ஓ.பி. என்று வக்கீல்கள் சுருக்கிச் சொல்லும் அந்த மனுக்கள் ஜில்லா கோர்ட்டிலும் சப்-கோர்ட்டுகளிலும் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன.

இந்த வழக்கின் சாமர்த்தியம் குறுக்கு விசாரணை முழக்கத்தில் இல்லை, முழங்காலில் இருக்கிறது. நடவு வேலை செய்யும் ஒரு பெண், வயது 38 என்று வைத்துக்கொள்வோம். காலில் அடி; மருத்துவச் சான்று 30 சதவீத ஊனம் என்கிறது. மாத வருமானம் 9,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றால், 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 15. ஆண்டு வருமானம் 1,08,000, பெருக்கினால் 16,20,000. அதில் 30 சதவீதம் 4,86,000. சோம்பேறி வக்கீல் இதோடு நிறுத்திவிடுவார். கெட்டிக்காரர் டாக்டரைக் கூண்டிலேற்றி, இவரால் குனிய முடியுமா, சேற்றில் காலூன்றி நாற்று நட முடியுமா என்று கேட்பார். முடியாது என்று பதில் வந்தால் கணக்கே மாறுகிறது. உடம்பின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று ராஜ்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கை இழந்த டிரைவருக்குப் பிழைப்பே போகும், குமாஸ்தாவுக்குப் போகாது. நம் நடவுப் பெண்ணின் இழப்பை 80 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் 12,96,000 ரூபாய். ஒரே கால்தான்.

வருமானத்துக்கு ரசீது? வயல் கூலிக்கு எவர் ரசீது கொடுத்தார்? காய்கறி விற்ற ஒருவரின் வழக்கில், ஆவணம் இல்லாமலேயே மாதம் 6,500 ரூபாயை 2014-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன் பிறகு ரசீது கேட்டு மடக்குவது எதிர்த்தரப்புக்கு அவ்வளவு எளிதாக இல்லை.

போக்குவரத்துக் கழகம் ஜெயித்த கதையும் உண்டு. சம்பாதிக்கும் திறன் போனதற்கென்று தொகை கொடுத்த பிறகு, நிரந்தர ஊனத்துக்கென்று தனியாக இன்னொரு தொகை தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2006-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பு சோழன் பெயரில்தான் நிற்கிறது.

தீர்ப்பு வாங்குவது பாதி வேலை. அரசுக் கழகங்கள் சொந்த நிதியம் வைத்துக்கொண்டு காப்பீட்டிலிருந்து விலக்குப் பெறச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆக, பணம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வராது, நஷ்டத்தில் ஓடும் கழகத்திலிருந்துதான் வர வேண்டும். வராதபோது வக்கீல் நிறைவேற்று மனு போடுவார். கோர்ட் அமீனா பேருந்து நிலையத்துக்கு வருவார், புறப்பட நிற்கும் வண்டியில் நோட்டீஸ் ஒட்டுவார், வண்டி கோர்ட் வாசலுக்குப் போகும். "அரசுப் பேருந்து ஜப்தி" என்ற செய்தியைப் படிக்காத டெல்டாவாசி இருக்க முடியாது. இறக்கிவிடப்பட்ட பயணிகள் திட்டுவது அமீனாவை. என் கணக்கில் அது ஒரு வக்கீலின் உண்மையான வெற்றி விழா.

இந்த வெற்றியை ஊரறியச் சொல்லிக்கொள்ள வக்கீலுக்கு இங்கே வழியில்லை. அமெரிக்காவில் 1977-ல் உச்ச நீதிமன்றம் வக்கீல் விளம்பரத்துக்குக் கதவு திறந்தது. அங்கே விபத்து வழக்கு நடத்தும் நிறுவனங்கள் வாங்கிக் கொடுத்த டாலரைச் சாலையோரப் பலகையில் எழுதிப் போடுகின்றன. இங்கே பார் கவுன்சில் விதி விளம்பரத்தையும் தடுக்கிறது, வெற்றியில் பங்கு பேசி வழக்கெடுப்பதையும் தடுக்கிறது. இரண்டாவது விதி எழுத்தில் காக்கப்படும் அளவுக்கு வராந்தாவில் காக்கப்படுகிறதா என்பது வேறு விஷயம். முதல் விதியின் விளைவு, சட்ட ஏடுகளில் கழகத்தின் பெயர் நிற்கிறது. வழக்கை நடத்திய சப்-கோர்ட் வக்கீலின் பெயர் ஊருக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

1994-ல் இன்னொரு நல்ல திருத்தம் வந்தது: விபத்து எங்கே நடந்தாலும், மனுதாரர் தாம் வசிக்கும் ஊரில் மனு போடலாம். திருப்பூருக்கு வேலைக்குப் போய் இறந்த மன்னார்குடி இளைஞனின் தாய் மன்னார்குடியிலேயே வழக்கு நடத்த முடிகிறது. காலக்கெடுவையும் அப்போதே எடுத்தார்கள். 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு திரும்பி வந்திருக்கிறது. காரியம் முடிந்து, பிரேதப் பரிசோதனை அறிக்கை வாங்கி, வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்குவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். இதை மோசமான திருத்தம் என்றே நான் நினைக்கிறேன்.

சம்பாதிக்கத் தொடங்காத உயிருக்கு எதைப் பெருக்குவது? 2004 ஜூலை 16, ஆடி முதல் வெள்ளி. கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். தஞ்சாவூர் கோர்ட்டில் தீர்ப்பு வரப் பத்தாண்டு ஆனது. அந்தக் குற்ற வழக்கையும், பள்ளிப் பாதுகாப்பு பற்றி 2009-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)