அதிகாலையின் அமைதியில் (1972)

ஸ்தனிஸ்லாவ் ரஸ்தோத்ஸ்கி இயக்கிய சோவியத் போர்த் திரைப்படம். மூலம் பரீஸ் வசீலியெவின் குறுநாவல் (1969). தமிழ் வாசகர்கள் இதை மாஸ்கோ வெளியீடாகவே படித்துவிட்டார்கள். 1942; காட்டுக்குள் ஊடுருவும் 16 ஜெர்மானியரை சார்ஜென்ட் மேஜர் வாஸ்கோவும் அவர் கீழுள்ள ஐந்து பெண் வீரர்களும் மறிக்கிறார்கள். போர் கறுப்பு வெள்ளையிலும், பெண்களின் பழைய வாழ்க்கை வண்ணத்திலும் வருகிறது. அவர்களில் உதவி கேட்டு ஓடும் லீசா குண்டடி பட்டுச் சாவதில்லை, சதுப்பில் மூழ்கிப் போகிறாள். வீரச்சாவுக்குரிய ஆரவாரம் எதுவும் இல்லாத அந்தச் சாவுதான் படத்தின் உச்சம். ரஸ்தோத்ஸ்கியே போரில் ஒரு காலை இழந்தவர். எஸ்.பி.ஜனநாதனின் ‘பேராண்மை’ (2009) இக்கதையின் தழுவல்: வாஸ்கோவ் பழங்குடி வன அலுவலர் துருவன் ஆகிறார், பெண் வீரர்கள் கல்லூரி மாணவிகள் ஆகிறார்கள். சாதி இழிவு ஜனநாதன் சேர்த்தது; தழுவலுக்கு நியாயம் தருவதும் அதுவே.