வேர்ப்பூசணத் துணைப் பாக்டீரியா

தாவர வேரோடு கூடி வாழும் பூசணம் அந்த வேரில் நுழையவும் பரவவும் உதவும் மண் பாக்டீரியாக்களுக்கான பொதுப்பெயர். சூடோமோனாஸ், பேனிபேசில்லஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலிய பல பேரினங்கள் இதில் அடங்கும்.

1885-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் இந்த வேர்ப்பூசணக் கூட்டுக்கு 'மைக்கோரைசா' என்ற பெயரைச் சூட்டினார். டிரஃபிள் காளானைப் பயிரிட வழி காணச் சொன்னது பிரஷ்ய அரசு. அவர் கண்டதோ மர வேர்களைப் போர்த்தியிருந்த பூசண உறை. அதன்பின் பல பத்தாண்டுகள் செடி, பூசணம் என்ற இருவரைப் பற்றியே பேச்சு நடந்தது.

மூன்றாமவர் தென்பட்டது 1962-இல். இங்கிலாந்தில் பார்பரா மோஸ், நுண்ணுயிர் நீக்கிய ஊடகத்தில் வளர்ந்த நாற்றுகளின் வேருக்குள் பூசணத்தை நுழையச் செய்ய முயன்றார். பூசண வித்து முளைத்தது, இழை நீண்டது, ஆனால் வேருக்குள் புகவில்லை. சூடோமோனாஸ் பாக்டீரியாவைச் சேர்த்த பிறகே புகுந்தது. செல்சுவரை நெகிழ்த்தும் நொதிகளுக்கு இதில் பங்கிருக்கலாம் என அவர் கருதினார். தூய்மையை நாடிய ஆய்வுக்கூடத்தில், தூய்மையே தடையென்று காட்டிய சோதனை இது. இதற்கு உரிய கவனம் உடனே கிடைக்கவில்லை.

இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டோருள் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் டி. ஜே. பாக்யராஜ் முக்கியமானவர். தக்காளியில் வேர்ப்பூசணத்தையும் அசோட்டோபாக்டர் பாக்டீரியாவையும் சேர்த்து இட்டு ஆராய்ந்த கட்டுரையை 1978-இல் ஜான் மெஞ்சுடன் வெளியிட்டார்.

துணைப் பாக்டீரியா என்ற பெயரை நிலைநாட்டியது வயல் அல்ல, மர நாற்றங்கால். பிரான்சின் நான்சி நகரையொட்டி டக்ளஸ் ஃபிர் நாற்றுகளை ஆராய்ந்த ழான் கார்பே, 1994-இல் ஐந்து வழிகளை முன்வைத்தார்: வேரை ஏற்கத் தயாராக்குதல், வேரும் பூசணமும் ஒன்றையொன்று இனங்காண உதவுதல், பூசண வளர்ச்சியைத் தூண்டுதல், வேர்சூழ் மண்ணை மாற்றுதல், பூசண வித்து முளைக்கச் செய்தல். அவர் குழு பயன்படுத்திய சூடோமோனாஸ் எல்லாப் பூசணத்துக்கும் உதவவில்லை. சிலவற்றைத் தடுக்கவும் செய்தது.

கொடுக்கல் வாங்கல் இருபுறமும் உண்டு. பூசண இழை கசியவிடும் ஃபிரக்டோஸ் சர்க்கரை ரானெல்லா பாக்டீரியாவைத் தூண்ட, அது மண்ணில் கரிமச் சேர்மமாக முடங்கிய மணிச்சத்தை (பாஸ்பரஸை) விடுவிக்கிறது என்று சீன ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினர். விடுபட்ட மணிச்சத்தை இழை வேருக்குக் கடத்துகிறது. அத்தகைய மணிச்சத்தைப் பிரித்தெடுக்கும் திறன் பூசணத்துக்குக் குறைவு என்பதால் இந்தக் கூட்டு அதற்கு அவசியமாகிறது.

தமிழ்நாட்டில் 'வேம்' என்ற பெயரில் விற்கப்படும் வேர் உட்பூசணம், உயிருள்ள வேரின்றிப் பெருகாது. அதனால் மக்காச்சோளம் போன்ற செடிகளின் வேரில் வளர்த்தே தயாரிக்கிறார்கள். அதோடு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற பாக்டீரியா உரங்களையும் கலந்து இடும் வழக்கம் பரவலானது. எந்தப் பொட்டலத்தில் உள்ள பாக்டீரியா வகை எந்தப் பூசணத்துக்குத் துணை நிற்கும் என்று பொருத்திப் பார்ப்பது அபூர்வம். மணிச்சத்து உரம் மிகுந்த மண்ணிலோ, வேரே பூசணத்தை உள்ளே விடத் தயங்குகிறது.